‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைக் கேட்டுப் பணம் கட்டுவதற்கு முன்



கடந்த மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரு சகோதரர் தம் மனைவியுடன் வந்தார். அவர்களுடைய ஏழு வயது மகனுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். தானாக நடக்க முடியாது, பேச்சும் தெளிவில்லை. வெளியூரில் ஓர் இடத்தில் ‘ஸ்டெம் செல் ஊசி’ போட்டால் பையன் நடந்துவிடுவான் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தவணை ஊசி, மொத்தம் ஆறு லட்சம் ரூபாய். நகையை விற்று இரண்டு லட்சம் சேர்த்துவிட்டார்கள். மீதிக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வந்திருந்தார்கள்.

எங்களால் உடனே சரி என்றும் சொல்ல முடியவில்லை, முடியாது என்றும் சொல்ல மனம் வரவில்லை. பத்து நாள் அவகாசம் கேட்டோம். அந்தப் பத்து நாளில் நம் மருத்துவ உதவிக் குழுவின் டாக்டரிடம் விவரம் கேட்டோம், கிடைத்ததைப் படித்தோம். ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய்யல்ல, அது பெரிய அறிவுத்துறை என்பது அப்போது புரிந்தது. அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது, எவ்வளவு நாள் பிடிக்கிறது, இன்று எதுவரை வந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், ஊசி விற்பவர் சொல்வது அதில் சேருமா சேராதா என்று எந்தக் குடும்பமும் தானே கண்டுகொள்ளலாம். அதற்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எடுத்துச் சொல்வதே எளிய வழி என்று எங்களுக்குத் தோன்றியது. அவர் பெயர் ஹான்ஸ் கிளெவர்ஸ். நெதர்லாந்து நாட்டவர்.

ஸ்டெம் செல் என்பது என்ன?

நம் உடலின் செல்களில் பெரும்பாலானவை ஒரே வேலைக்கு என்று ஆகிவிட்டவை. தோல் செல் தோலாகவே இருந்து உதிரும். குடலில் உணவை உறிஞ்சும் செல் சில நாள் வேலை செய்து மடியும். மடிந்ததற்குப் பதில் புதியது வர வேண்டுமே, அதை உண்டாக்கும் மூலச் செல்தான் ஸ்டெம் செல். தாய் வாழை பக்கக்கன்று விட்டுக்கொண்டே இருப்பதைப் போல, அது தன்னையும் காத்துக்கொண்டு புதிய செல்களையும் தந்துகொண்டே இருக்கும்.

ஆனால் எல்லா ஸ்டெம் செல்லும் எல்லாமாகவும் ஆகிவிடாது. எலும்பு மஜ்ஜையில் உள்ளது இரத்த அணுக்களை உண்டாக்கும். குடலில் உள்ளது குடலின் உட்சுவரை உண்டாக்கும். கருவின் தொடக்க நாள்களில் உள்ள செல்களுக்கோ உடலின் எந்தச் செல்லாகவும் மாறும் ஆற்றல் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வழி மாறிப் போன ஒரு டாக்டர்

ஹான்ஸ் கிளெவர்ஸ் 1957-ஆம் ஆண்டு ஐந்தோவன் நகரில் பிறந்தவர். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியல், மருத்துவம் இரண்டையும் படித்தார். 1985-இல் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் சில ஆண்டுகள் ஆய்வு செய்தார். பிறகு உட்ரெக்டுக்கே திரும்பி, 1991-இல் நோயெதிர்ப்பியல் பேராசிரியரானார்.

அவர் முதலில் தேடியது குடலை அல்ல. இரத்தத்தில் கிருமிகளோடு போராடும் ‘டி செல்’ என்ற வெள்ளணுக்களைத்தான் ஆராய்ந்தார். அந்த ஆய்வில் 1991-இல் ‘டி.சி.எஃப்.1’ என்ற மரபணுவை அவருடைய குழு கண்டுபிடித்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘டி.சி.எஃப்.4’ என்ற மரபணு இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, அவை பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்தன. காரணம் தேடியபோது அவற்றின் சிறுகுடலில் ஸ்டெம் செல்களே இல்லை என்று தெரிந்தது. 1998-இல் வெளியான முடிவு இது. இதற்கு முந்தைய ஆண்டுதான், இதே மரபணுப் பாதை அணைக்கப்படாமல் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் காட்டியிருந்தார். ஒரே பாதை முற்றிலும் நின்றால் குடல் இல்லை, நிற்காமல் ஓடினால் புற்றுநோய். வெள்ளணுவை ஆராயப் போனவர் இப்படித்தான் குடலுக்கு வந்து சேர்ந்தார்.

நம்மிடம் உயர்கல்வி உதவி கேட்டு வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. சான்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனார்.

குழியின் அடியில் இருந்த செல்

குடலின் உட்சுவர் பார்ப்பதற்கு வழவழப்பாக இருந்தாலும், நுண்ணோக்கியில் அது விரல் போன்ற மேடுகளும், அவற்றின் இடையே சிறு குழிகளுமாகத் தெரியும். இந்தச் சுவர் ஏறத்தாழ ஐந்து நாளில் முழுவதும் புதிதாகிவிடுகிறது. உடலில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் பகுதிகள் மிகக் குறைவு. புதிய செல்கள் குழிகளிலிருந்து மேலேறி வருகின்றன என்பது முன்பே தெரியும். ஆனால் குழிக்குள் எது அந்த மூலச் செல் என்பதில் பல காலம் கருத்து வேறுபாடு இருந்தது.

2002-இல் உட்ரெக்டில் உள்ள ஹூப்ரெக்ட் நிலையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற கிளெவர்ஸ் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருடைய குழுவில் இருந்த நிக் பார்க்கர் என்ற ஆய்வாளர், ‘எல்.ஜி.ஆர்.5’ என்ற மரபணு வேலை செய்யும் செல்களுக்கு எலியின் குடலில் நிற அடையாளம் இட்டார். அடையாளமிட்ட செல்லும் அதன் வாரிசுகளும் மட்டும் நீல நிறமாகத் தெரியும்படி செய்த ஏற்பாடு அது. சில நாளில் குழியின் அடியிலிருந்து மேட்டின் உச்சி வரை நீல நாடா விரித்தது போலச் செல்கள் வரிசையாக ஏறியிருந்தன. பல மாதங்கள் கழித்தும் அந்த நாடா அறவில்லை. மூலச் செல் எது என்பது தெளிவாகிவிட்டது. 2007-இல் இது வெளிவந்தது.

ஸ்டெம் செல் எப்போதாவதுதான் பிரியும், பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் என்பது அதுவரை பலருடைய நம்பிக்கை. இந்தச் செல்களோ நாள்தோறும் பிரிந்தன. அதனால் பலர் ஏற்கத் தயங்கினார்கள். மற்ற ஆய்வகங்களும் செய்து பார்த்த பின்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அறிவியலில் ஒருவர் சொன்னால் போதாது, மற்றவரும் செய்து பார்க்க வேண்டும்.

தட்டில் வளர்ந்த சிறு குடல்

அடுத்த கேள்வி, அந்தச் செல்லை உடலுக்கு வெளியே வளர்க்க முடியுமா என்பது. அதற்கு முன் ஆய்வகங்களில் நெடுநாள் வளர்ந்தவை பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்கள்தான். ஆரோக்கியமான குடல் செல்லை எடுத்துத் தட்டில் வைத்தால் விரைவிலேயே மடிந்துவிடும்.

ஜப்பானில் குடல் நோய் மருத்துவராக இருந்து, கிளெவர்ஸின் ஆய்வகத்தில் சேர்ந்த தோஷிரோ சாட்டோ இதில் இறங்கினார். உடலுக்குள் அந்தச் செல்லைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து, அதற்கு ஈடான மென்மையான கூழ் ஒன்றில் செல்லை வைத்து, தேவையான வளர்ச்சிப் புரதங்களை அளவாகச் சேர்த்தார். ஒரே ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து ஒரு சிறு உருண்டை வளர்ந்தது. அதில் குழிகள் உண்டாயின. உறிஞ்சும் செல், சளி சுரக்கும் செல் என்று குடலில் இருக்க வேண்டிய வகைகள் எல்லாம் அவரவர் இடத்தில் அமைந்தன. யாரும் வடிவம் கொடுக்கவில்லை, தானே அமைந்தது. முருங்கைப் போத்து ஒன்றை வெட்டி நட்டால் இலை, பூ, காய் எல்லாம் அதிலிருந்தே வருகிறதல்லவா, அது போல. 2009-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. 2011-இல் மனிதக் குடல் திசுவிலும் செய்து காட்டினார்கள்.

இந்த உருண்டைக்குப் பெயர் ஆர்கனாய்டு. தமிழில் குறு உறுப்பு எனலாம். பெயரைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. கடுகு அளவே இருக்கும் இதற்கு இரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. இதை எடுத்து அப்படியே குடலாகப் பொருத்திவிட முடியாது. அப்படியானால் பயன் என்ன?

மருந்து யாருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே அறிதல்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. செல்லின் மேற்பரப்பில் உப்பையும் நீரையும் கடத்தும் வாயில் ஒன்று பழுதாகிவிடும். நுரையீரலிலும் குடலிலும் சளி கெட்டியாகி, பிள்ளைகள் மூச்சுக்குத் திணறுவார்கள். ஐரோப்பாவில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த வாயிலுக்குரிய மரபணுவில் 2,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. 2012-இல் வாயிலைத் திறக்கும் மருந்து ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை அங்கே ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். எந்த மாற்றம் உள்ளவருக்கு அது பலிக்கும்? பலருக்கு இருக்கும் மாற்றமானால் பெரிய சோதனை வைத்து அறியலாம். உலகில் ஒரு சிலருக்கே உள்ள மாற்றமானால் சோதனை வைக்கப் போதிய ஆளே கிடைக்காது. பலிக்கும் என்பதற்குச் சான்று இல்லாத மருந்துக்கு யார் பணம் தருவார்கள்?

உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஜெஃப்ரி பேக்மன் குழுவும் கிளெவர்ஸ் குழுவும் சேர்ந்து 2013-இல் ஒரு வழி காட்டினார்கள். நோயாளியின் மலக்குடலிலிருந்து அரிசி மணி அளவு திசு எடுத்து, அதில் ஆர்கனாய்டு வளர்ப்பார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை விட்டால், ஆரோக்கியமானவருடைய உருண்டை உப்பும் நீரும் உள்ளே போய்ப் பந்து போல ஊதும். நோயாளியின் உருண்டை ஊதாது. அதிலேயே மருந்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஊதினால் அந்த மருந்து அவருக்கு உதவ வாய்ப்பு உண்டு. ஊதாவிட்டால் வேறு மருந்தைப் பார்க்க வேண்டும். மருந்தின் சோதனை பிள்ளையின் உடம்பில் நடக்காமல் தட்டில் நடந்துவிடுகிறது. அரிய மாற்றம் உடைய நோயாளிகள் சிலருக்கு நெதர்லாந்தில் இந்த முறையைக் கொண்டே பொருத்தமான மருந்து கண்டறியப்பட்டு, பலனும் கிடைத்தது.

1991-இல் வெள்ளணுவில் தொடங்கிய தேடல் 2013-இல் நோயாளியின் படுக்கை அருகே வந்தது. இடையில் 22 ஆண்டுகள். அப்போதும் வந்தது எல்லா நோயையும் தீர்க்கும் ஊசியல்ல, சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பரிசோதனை.

இன்னும் எங்கெல்லாம் உதவுகிறது?

கல்லீரல், கணையம், நுரையீரல் என்று பல உறுப்புகளின் திசுவிலும் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள். புற்றுக்கட்டியின் துண்டை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. 2020-இல் கொரோனா பரவியபோது, அந்த வைரஸ் குடல் செல்லிலும் பெருகும் என்பதை ராட்டர்டாம் மருத்துவமனை ஆய்வாளர்களும் கிளெவர்ஸ் குழுவும் ஆர்கனாய்டு கொண்டே காட்டினார்கள். அதே ஆண்டு அவருடைய மாணவர்கள் பாம்பின் விஷச் சுரப்பியைத் தட்டில் வளர்த்து, அது விஷம் சுரப்பதையும் காட்டினார்கள். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு உயிருள்ள பாம்பிலிருந்துதான் விஷம் எடுக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் செய்துவரும் வேலை அது. வருங்காலத்தில் இதற்கும் மாற்று வழி பிறக்கலாம்.

கிளெவர்ஸ் 2012 முதல் 2015 வரை நெதர்லாந்து அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 2013-இல் உயிர் அறிவியலுக்கான பிரேக்த்ரூ பரிசு முதன்முதலாக 11 பேருக்கு வழங்கப்பட்டபோது அவர்களில் ஒருவரானார். பின்னர் உட்ரெக்டில் குழந்தைகள் புற்றுநோய் மையத்தின் ஆராய்ச்சியை நடத்தி, 2022-இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைமைப் பொறுப்பேற்றார்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?

இதைப் பற்றிப் பேசியபோது நம் நிர்வாகிகளில் ஒருவர், “கருவை அழித்துச் செய்வதுதானே இது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலே சொன்ன குடல் ஆர்கனாய்டுகளில் கரு எதுவும் பயன்படுவதில்லை. நோயாளியின் சம்மதத்தோடு அவருடைய திசுவிலிருந்தே எடுக்கிறார்கள். ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் கருவைப் பயன்படுத்தும் வகையும் உண்டு என்பது உண்மை. மக்காவில் உள்ள இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் 2003-ஆம் ஆண்டு அமர்வில் இதை ஆராய்ந்து, வயது வந்தவரின் திசு, தொப்புள்கொடி போன்ற வழிகளை அனுமதித்தது. வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதைத் தடுத்தது. விவரம் தேவைப்படுவோர் நம் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

அப்படியானால் அந்த ஊசி?

ஸ்டெம் செல் சிகிச்சையில் நன்கு நிலைபெற்றது எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் தலசீமியா போன்ற நோய்களுக்கும் பல ஆண்டுகளாகச் செய்யப்படுகிறது. நம் அறக்கட்டளையும் இதற்கு உதவியிருக்கிறது. மூளை முடக்குவாதத்துக்கான ஸ்டெம் செல் ஊசி அந்த நிலைக்கு வரவில்லை, இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, அங்கீகாரம் பெறாத ஸ்டெம் செல் முறைகளை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது.

‘பலிக்காவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. நரம்பு நோயுள்ள ஒரு சிறுவனுக்கு மாஸ்கோவில் கருத்திசுச் செல்களை மூளையிலும் முதுகுத்தண்டிலும் செலுத்தினார்கள். சில ஆண்டுகளில் அந்தச் செல்களிலிருந்தே அவனுக்குக் கட்டிகள் வளர்ந்தன. 2009-இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பார்வைக் குறைவுக்காகக் கண்ணில் இத்தகைய ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்ததை 2017-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது.

எனவே யாராவது ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொன்னால், பணம் கட்டும் முன் இந்த நான்கைக் கேளுங்கள்.

1. இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண் என்ன?

2. ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?

3. எந்தச் செல்? எங்கிருந்து எடுத்தது? அந்தச் செல் இந்த நோய்க்கு எப்படி உதவும்?

4. இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? பலன் இல்லாதவர்களும் பக்கவிளைவு வந்தவர்களும் எத்தனை பேர்? அது எந்த மருத்துவ இதழில் வெளிவந்தது?

பதிலுக்குக் குணமான பிள்ளையின் வீடியோவைக் காட்டினால், அது பதில் ஆகாது. எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பம்

பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். சகோதரர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் கடைசியில், “அப்ப எங்க புள்ளைக்கு எப்பத்தாங்க மருந்து வரும்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னோம். அதைச் சொல்வது எங்களுக்கும் எளிதாக இல்லை.

ஊசிக்குக் கடன் தர வேண்டாம் என்றே நிர்வாகக் குழு முடிவு செய்தது. ஆனால் அந்த வீட்டைக் கைவிடவில்லை. பையனுடைய இயன்முறைப் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் மாதந்தோறும் ஆகும் செலவை அறக்கட்டளை ஏற்றிருக்கிறது. முதுகைத் தாங்கும் நாற்காலி ஒன்றுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். மத்திய அரசின் ‘நிராமயா’ காப்பீட்டில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. விண்ணப்பத்தை அலுவலகத்திலேயே பூர்த்தி செய்து கொடுத்தோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இனிமேல்தான் எடுக்க வேண்டும். நகை விற்ற பணம் வீட்டிலேயே இருக்கட்டும், பையனுக்கு இன்னும் பல ஆண்டுகளுக்குச் செலவு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம்.

நம் மஹல்லாவில் இதே நிலையில் இன்னும் சில குடும்பங்கள் இருப்பதை அறிவோம். பெரிய தொகை கேட்கும் எந்தச் சிகிச்சையானாலும், பணம் கட்டும் முன் காகிதங்களோடு அலுவலகத்திற்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் அஸருக்குப் பிறகு நாங்கள் இருப்போம். டாக்டரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.